கலிங்கும் அடைக்கலமும்

சென்னை நகரத்தில் குடியிருப்பவர்களுக்குச் ‘சம்ப்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. வாசலருகே இரும்பு மூடி போட்டு மண்ணுக்கடியில் கிடக்கும் அந்தத் தொட்டியில் இரவெல்லாம் வந்து சேரும் குழாய் ஜலம், விடிந்ததும் மோட்டாரின் பலத்தால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் இறங்கி, உபயோகமாகித் தீர்ந்து போகிறது. இதே சொல்லை இன்னொரு காரியத்துக்கு வழங்குகிற சிறு கூட்டத்தார் சிலர் உண்டு. கண்ணாடித் தொட்டியில் உப்புநீரை நிரப்பி, அதில் கடல் மீன்களையும் பவள உயிர்களையும் வைத்து வளர்ப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய சம்ப், கூடத்தில் தொட்டி நிற்கும் மரப்பெட்டிக்குள், கதவு சாத்திய இருளில் இருக்கிறது. அதிலிருந்து மேலே ஏறும் நீர் செலவாகித் தீர்ந்து போவதில்லை. மறுபடி கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, மணிக்கு நான்கைந்து சுற்றாக இரவும் பகலும் வலம் வந்துகொண்டே இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் மேல்தொட்டியை மட்டுமே பார்க்கிறார்கள். நீல ஒளியில் அசைந்தாடும் மென்பவளங்களையும், கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே புரளும் கோமாளி மீன்களையும் கண்டு வியக்கிறார்கள். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, அழைத்தாலும் வராமல் நிற்கிறார்கள். அந்த அழகை நானும் நாள்தோறும் அனுபவிக்கிறேன். ஆயினும், சில ஆண்டுகளாக இந்தத் தொட்டியோடு வாழ்ந்ததில், மீனையும் பவளத்தையும் பேணுவதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் உண்மையில் நீரைப் பேணுவதே என்றும், அந்த வேலையில் பெரும்பங்கு கண்ணுக்குப் படாத கீழ்த்தொட்டியிலும் அதற்கு இறங்கி ஏறும் நான்கு குழாய்களிலுமே நடைபெறுகிறது என்றும் எனக்கு நிச்சயமாயிற்று. அந்தக் குழாய்களைப் பற்றியும் தொட்டியைப் பற்றியுமே இங்கே எழுதப் புகுகிறேன்.

பழைய யுக்தி

இது நேற்றுத் தோன்றிய யுக்தியன்று. 1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கென மீன்காட்சி திறக்கப்பட்டதும், மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை விஞ்ஞானியின் நூல் வெளிவந்ததும், இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கடல்தொட்டி வைக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டன. ஆனால் அசையாமல் தேங்கிய சிறு தொட்டியின் நீர் சீக்கிரத்தில் கெட்டுப்போயிற்று. பெரிய அளவில் இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். அவர் 1871-இல் லண்டனுக்கருகே கிரிஸ்டல் பாலஸில் அமைத்த மீன்காட்சி சாலையில், காட்சித் தொட்டிகள் எல்லாம் சேர்ந்து கொள்ளும் நீரைக் காட்டிலும் பல மடங்கு கொள்ளும் ஓர் இருண்ட தேக்கத்தைத் தரைக்கடியில் கட்டி, அதிலிருந்து நீரை ஓயாமல் மேலேற்றி, வழிவதை மறுபடி அதிலேயே விழச் செய்தார். வெளிச்சம் படாத அந்தத் தேக்கத்தில் நீர் குளிர்ந்தும் தெளிந்தும் இருந்தது. இன்று நம் வீட்டு மரப்பெட்டிக்குள் இருக்கும் சம்ப், அந்த நிலத்தடித் தேக்கத்தின் சிறிய வாரிசு என்றே சொல்லலாம்.

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பது பின்னும் நெடுங்காலம் கனவாகவே இருந்தது. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டுமே துணைகொண்டு அதைச் சாதித்து, 1961-இல் தம் முறையை வெளியிட்டார். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரைகள், மேலே காட்சித் தொட்டி, அடியில் வடிகட்டும் தொட்டி என்ற அமைப்பைப் பலருக்கும் அறிமுகப்படுத்தின. ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் வால்ட்டர் ஏடி, பவளத்திட்டை ஒரு கூடத்துக்குள் சிருஷ்டித்து நடத்தியவர். பாசியைக் கொண்டே நீரைச் சுத்திகரிக்கலாம் என்று காட்டியவர். அவர் காரென் லவ்லண்டுடன் சேர்ந்து 1991-இல் வெளியிட்ட ‘டைனமிக் அக்வேரியா’ என்ற நூல், சிறிய உயிர்களுக்கெனத் தனியே ஒரு புகலிடம் ஒதுக்குவதை வீட்டுத் தொட்டிக்காரர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. ‘ரெஃபியூஜியம்’ என்று அவர்கள் சொல்லும் அதனை நாம் அடைக்கலத் தொட்டி எனலாம்.

கலிங்கின் தத்துவம்

மேல்தொட்டியின் நீர் கீழே இறங்கும் விதத்தை, நம் ஊர் ஏரியைப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஏரிக்கரையில் ஓரிடத்தில் கலிங்கு கட்டியிருக்கும். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் கலிங்கின் மட்டத்துக்குமேல் வந்த உபரி நீர் வழிந்து, அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஏரியின் மட்டம் அதற்குமேல் அதிகம் ஏறுவதில்லை. மீன்தொட்டியின் பின்சுவரிலும் அதுபோலவே கண்ணாடியால் ஒரு சிறு அறை தடுத்து, அதன் மேல்விளிம்பைச் சீப்புப் பல்போல வெட்டி வைக்கிறார்கள். மீன்கள் தாண்டாமல் நீர் மட்டும் பல்லிடுக்கின் வழியே அந்த அறைக்குள் வழிகிறது. இந்தக் கலிங்கறைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. தொட்டியில் மீனின் கழிவிலிருந்தும் தீனியிலிருந்தும் பிரியும் கொழுப்பும் புரதமும் மேற்பரப்பில் மெல்லிய ஏடாகப் படிகின்றன. அந்த ஏடு நீருக்குள் பிராணவாயு கலப்பதற்குத் தடையாகிறது. கலிங்கோ மேல்நீரையே முதலில் எடுத்துக்கொள்வதால், ஏடு படியப் படிய அகற்றப்பட்டு, நீரின் முகம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது.

கலிங்கறையிலிருந்து கீழே செல்லும் குழாயில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஒரே குழாயை வைத்தால், நீரும் காற்றும் ஒன்றோடொன்று மல்லாடிக்கொண்டு இறங்குவதால், அடைமழையில் மாடிக்குழாய் இரைவதுபோல ராப்பகலாய்க் களகளவென்று சத்தம் கேட்கும். காற்றுக்கே இடமில்லாமல் குழாய் முழுவதும் நீர் நிறைந்து ஓடினாலோ துளிச் சத்தமும் எழாது. ஆனால் அப்படி நிறைந்தோடும் குழாய் கலிங்கறையை ஒரே மூச்சில் உறிஞ்சித் தீர்த்து, காற்றை விழுங்கி, மறுபடி நிறைந்து, இப்படி மாறி மாறித் தத்தளிக்கும். இதற்குப் பரிகாரமாக அனுபவஸ்தர்கள் கண்ட அமைப்பு மூன்று குழாய்களைக் கொண்டது. முதற்குழாயின் வாய் நீரில் ஆழ்ந்திருக்கும். அதன் கீழ்ப்பகுதியில் உள்ள திருகு வால்வைச் சிறுகச் சிறுக மூடி, வரும் நீரில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது நிறைகுழாயாகவே கொண்டுபோகும்படி நிதானப்படுத்துகிறார்கள். மிஞ்சும் சிறு தாரை இரண்டாம் குழாயின் உட்சுவரை ஒட்டிச் சத்தமின்றி வழிகிறது. இந்த இரண்டாம் குழாயின் தலையில் சன்னமான ஒரு காற்றுக்குழல் உண்டு. முதற்குழாயில் ஏதேனும் அடைத்து நீர் உயர்ந்தால் அந்தக் குழலின் முனை மூழ்கிவிடும். காற்று நின்றதும் இரண்டாம் குழாய் தானே நிறைகுழாயாக மாறி முழுச் சுமையையும் ஏற்கும். மூன்றாம் குழாயின் வாய் எல்லாவற்றுக்கும் மேலே, ஈரம் படாமல் காத்திருக்கிறது. அது ஒருநாளும் வேலை செய்யாதிருப்பதே நமக்கு க்ஷேமம்.

என் தொட்டிக்குக் குழாய் அமைக்க வந்தவர், முப்பது வருஷமாக வீடுகளுக்கு மேல்தொட்டி வைத்துப் பழகிய கைக்காரர். நான் வரைந்து வைத்திருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், மேல் டேங்குக்கு ஓவர்ஃப்ளோ லைன் விடுவோமே, அதுதானே இது? அதுக்கு எதுக்கு மூணு லைன்?” என்று கேட்டார்.

“மேல் டேங்க்கில் ஓவர்ஃப்ளோ என்றைக்கோ ஒருநாள் ஓடும் அண்ணே. இதில் அது நிற்கிற நேரமே கிடையாது. ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டாலும் கூடமெல்லாம் உப்புத் தண்ணீர்தான்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து கனமான பித்தளை வால்வு ஒன்றை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து என் கையில் வைத்தார். “இதைப் போட்டா உங்க பிள்ளை காலத்துக்கும் கெடாது சார். பிளாஸ்டிக்கை நம்பாதீங்க.” நல்ல சரக்கு என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் பித்தளையில் செம்பு இருக்கிறது. கடல்நீரில் அது அணுவளவு கரைந்தாலும் பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம் என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மீனுக்கு ஆகாதுன்னா வேண்டாம் சார்” என்று அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டு, பி.வி.சி. வால்வுகளையே பொருத்தினார். ஒவ்வொரு குழாய் முனையையும் அரம் போட்டு மழமழப்பாக்கி, துணியால் துடைத்து, சொல்யூஷன் தடவி, எல்போவுக்குள் செலுத்தும்போதே கால் சுற்றுத் திருப்பி, முப்பது எண்ணும் வரையில் அழுத்திப் பிடித்த அந்த நிதானத்தை நான் மறக்கவில்லை. அவர் ஒட்டிய இணைப்பு ஒன்றுகூட இன்றுவரை கசிந்ததில்லை.

இந்த இடத்தில் சில விவரங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுவது நலம். கண்ணாடியில் துளை போடுவதானால் அது சாதாரணக் கண்ணாடிதானா என்பதை முதலில் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும்; டஃபண்ட் என்னும் கடினமாக்கிய கண்ணாடியில் துளை போட்டால் பலகை முழுவதும் பொடிப்பொடியாகிவிடும். துளையில் பொருத்தும் டேங்க் நிப்பிளின் ரப்பர் வளையம், நீர் இருக்கும் உட்பக்கத்தில் அமைய வேண்டும். திருப்பத்துக்கு ஒரு தொண்ணூறு டிகிரி எல்போ வைப்பதைவிட இரண்டு நாற்பத்தைந்து டிகிரி எல்போக்களை வைத்தால் நீரின் ஓட்டம் அவ்வளவாகத் தடைப்படாது. பம்புக்கு அருகில் கழற்றிப் பூட்டக்கூடிய யூனியன் இணைப்பு வைத்துவிட்டால், பின்னாளில் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்யக் குழாயை அறுக்க வேண்டியிராது. வேலை முடிந்ததும் ஒருநாள் முழுதும் உலரவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சோதித்த பின்னரே உப்பைப் பற்றி நினைக்க வேண்டும்.

கீழ்த்தொட்டியின் அறைகள்

என் மேல்தொட்டி 120 சென்டிமீட்டர் நீளமும், 60 அகலமும், 60 உயரமும் உள்ளது. சுமார் 400 லிட்டர் நீர் கொள்ளுகிறது. கீழ்த்தொட்டி 90 நீளம், 40 அகலம், 40 உயரம்; அதில் 22 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க, அளவு 80 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடித் தடுப்புகள் அதைச் சில அறைகளாகப் பிரிக்கின்றன.

இறங்கிவரும் நீர் முதல் அறையில் ஒரு துணிப்பையின் வழியாகச் சென்று, மிதக்கும் கசடுகளை அங்கே விட்டுவிடுகிறது. குழாயின் முனை இந்த அறையில் நீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆழக்கூடாது. ஆழ்ந்தால், பம்பு ஓடத் தொடங்கும்போது குழாய்க்குள் உள்ள காற்று வெளியேற வழியின்றித் திணறும். அதே அறையில் ஸ்கிம்மர் என்னும் நுரைவடிப்பான் நிற்கிறது. அலையடிக்கும் கடற்கரையில் நுரை ஒதுங்குவதைக் காண்கிறோம் அல்லவா? நீரில் கரைந்த புரதப் பொருள்கள் காற்றுக் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு திரள்வதே அந்நுரை. ஸ்கிம்மர் நுண்ணிய குமிழிகளைப் பெருக்கி அந்த நுரையைத் திரட்டி மேலே உள்ள கிண்ணத்தில் சேர்க்கிறது. அதில் தேங்கும் கரிய, நாற்றமடிக்கும் திரவத்தைப் பார்க்கும்போதெல்லாம், இது மேலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனம் திடுக்கிடும். நீர்மட்டம் ஏறி இறங்கினால் ஸ்கிம்மர் ஒழுங்காக வேலை செய்யாது; ஆகவே இந்த அறையின் மட்டத்தை மாறாமல் நிறுத்த ஒரு தடுப்பு, அதாவது இங்கும் ஒரு கலிங்கு, அவசியமாகிறது.

கடைசி அறையில் நீரை மேலேற்றும் பம்பு இருக்கிறது. அதற்கு முன்னே மூன்று கண்ணாடித் தடுப்புகளை நெருக்கமாக நிறுத்தி, நீர் ஒன்றின் மேலாகவும் அடுத்ததன் கீழாகவும் மூன்றாவதன் மேலாகவும் செல்லும்படி செய்தால், நுண்குமிழிகள் அந்த ஏற்ற இறக்கத்தில் பிரிந்து மேலே போய்விடும். பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்பிவிடக்கூடாது. ஒன்றரை மீட்டர் உயரம் ஏறும்போதும், ஒவ்வொரு எல்போவைக் கடக்கும்போதும் அதன் சக்தி குறைந்துகொண்டே போகிறது. மணிக்கு மேல்தொட்டியின் நீரைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை வந்து சேர்ந்தால் போதுமானது. அதற்குமேல் வேண்டிய அலையோட்டத்தை மேல்தொட்டிக்குள்ளேயே வைக்கும் சுழல்பம்புகள் உண்டாக்கிக்கொள்ளும்.

ஆவியாவதன் கணக்கும் இந்தக் கடைசி அறையிலேயே தெரிகிறது. மேல்தொட்டியின் மட்டத்தைக் கலிங்கும், முதல் அறையின் மட்டத்தைத் தடுப்பும் நிலைநிறுத்திவிடுவதால், இழப்பு முழுவதும் பம்பு அறையில் மட்டுமே இறக்கமாகக் காணப்படும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அத்தனையும் தங்கிவிடுகிறது. மொத்தம் 480 லிட்டரில் 24 லிட்டர் ஆவியாகி, அதை நாம் ஈடு செய்யாவிட்டால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 36.8 ஆக ஏறிவிடும். அந்த மாறுதலைக் கோடைகாலத்தில் சில நாட்களுக்குள்ளேயே பவளங்கள் தாங்கவேண்டி வரும். ஆகவே, மட்டம் குறையக் குறைய ஆர்.ஓ. நீரைத் தானே சேர்க்கும் மிதவைக் கருவி ஒன்றை அந்த அறையில் வைக்கிறார்கள். ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது நன்னீரே; உப்புநீர் அன்று.

அடைக்கலம்

முதல் அறைக்கும் பம்பு அறைக்கும் நடுவே உள்ள அறையே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரையில் மன்னார் வளைகுடாவில் சிதறிக் கிடக்கும் தீவுகளைச் சூழ்ந்து பவளத்திட்டுகள் இருக்கின்றன. அவற்றை அடுத்துக் கடற்புல் வெளிகளும் விரிந்து கிடக்கின்றன. பவளத்திட்டு சந்தடி மிக்க பட்டணமென்றால், கடற்புல் வெளி அதை அடுத்த கிராமம் போன்றது. சிறு குஞ்சுகளும் இறால்களும் பெரிய மீனின் வாய்க்குத் தப்பி வளர்வது அங்கேதான். இயற்கை பவளத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அந்த மறைவிடத்தை, நாம் தொட்டியின் கீழே வைக்கிறோம். மேலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டீ இணைத்து, சிறு வால்வின் மூலம் நீரில் ஒரு பங்கை மட்டும் இந்த அறைக்கு மிதமாகத் திருப்பிவிடலாம். அல்லது ஸ்கிம்மர் அறையிலிருந்து வழியும் நீர் முழுவதும் இதன் வழியாகவே செல்லும்படியும் அமைக்கலாம். இரண்டும் பயன் தருவனவே. உள்ளே இருக்கும் பாசி ஓரிடத்தில் அமுங்கிக் கிடக்காமல் மெல்லப் புரளும் அளவுக்கு ஓட்டம் இருந்தால் சரி.

அந்தப் பாசியின் வேலை என்ன? மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை, பாறையிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் சட்டென்று கொல்லும் விஷமன்று. ஆனால் அதுவும் பாஸ்பேட்டும் சேரச் சேர, வேண்டாத பாசி பவளத்தின்மேல் படர்ந்து அதை மூச்சுத் திணறச் செய்யும். அடைக்கல அறையில் வளரும் கீட்டோ என்ற பாசி அவ்விரண்டையும் தன் ஆகாரமாக இழுத்துக்கொள்கிறது. மேலே வளர்ந்து கேடு செய்ய வேண்டியதைக் கீழே வளர்த்து நன்மையாக்கிக்கொள்வதே இந்த யுக்தி. ஆயினும் இழுத்துக்கொண்ட சத்து பாசியின் உடலிலேயே இருப்பதால், அவ்வப்போது பாசியை வாரி வெளியே எடுத்தாலன்றி நீருக்கு விமோசனம் இல்லை.

இந்த அறையின் விளக்கை இரவில் எரியவிடுவது வழக்கம். இருளில் தொட்டியின் உயிர்கள் எல்லாம் கரியமிலவாயுவை வெளிவிட, உறிஞ்சிக்கொள்ள ஒளிச்சேர்க்கை இல்லாமையால் நீரின் காரத்தன்மை தாழ்கிறது. பகலில் 8.3-ஐ ஒட்டி நின்ற பி.எச். அளவு, விடியுமுன் 8-க்குக் கீழே இறங்குவதும் உண்டு. மேலே இருட்டும்போது கீழே வெளிச்சம் இருந்தால், பாசி அந்த வாயுவை ஓரளவு வாங்கிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது.

பதினைந்து நாளுக்கொரு முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசி வாருவது என் வீட்டில் ஒரு சிறு விழா. வெள்ளைப் பேசினில் தொட்டிநீரை மொண்டு வைத்து, சிக்குண்ட பச்சை நூற்கண்டு போன்ற கீட்டோவை அதற்குள் மெல்ல அலசினால், முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியபின் பேசினின் வெண்ணிற அடித்தளம் முழுவதும் உயிர்பெற்று அசைவது புலப்படும். அரிசி நொய்யளவுள்ள ஆம்பிப்பாடுகள் பக்கவாட்டில் வளைந்து ஓடும். ஊசிமுனைப் பொட்டுகள் போன்ற கோப்பிப்பாடுகள் துள்ளித் துள்ளி நகரும். நூலிழை போன்ற புழுவொன்று நெளியும். இவற்றில் முதலிரண்டும் இறாலின் தூரத்து உறவுகள். மேலேயிருந்தால் ஒரே நாளில் மீன்களுக்கு இரையாகிவிடக்கூடிய இவை இங்கே பயமின்றிப் பெருகி, பம்பின் வழியாகச் சிறிது சிறிதாக மேலே போய், உயிருள்ள ஆகாரமாகின்றன. மாண்டரின் என்ற வண்ண மீன் நாள் முழுதும் இத்தகைய சிற்றுயிர்களையே பொறுக்கித் தின்பது. அடைக்கல அறையில்லாத சிறு தொட்டிகளில் அது மெல்ல மெல்லப் பட்டினியால் இளைத்து இறப்பதைக் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். பேசினில் எஞ்சியவற்றை நீரோடு மறுபடி அறையில் ஊற்றிவிட்டு, பாசியில் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுக்கிறேன்.

வெளியே எடுத்த பாசியை எங்கே போடுவது என்பது அற்பமான கேள்வியன்று. காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற அழகிய பாசி, 1984-இல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்தை அடுத்த கடலில் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலில் பரந்த பரப்பை மூடி, அங்கிருந்த கடற்புல் வெளிகளுக்குக் கேடு விளைத்தது. மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்ட வகையே அது. 2000-இல் கலிபோர்னியாவின் கரையிலும் தலைகாட்டிய அதனை முற்றும் அழித்தொழித்ததாக அறிவிக்க 2006 வரை பாடுபட வேண்டியிருந்தது. அந்த இனம் வீட்டுத் தொட்டியிலும் நம்பத்தகாதது. சில சமயம் ஒரே இரவில் தன் வித்தணுக்களையெல்லாம் வெளிவிட்டு, உடல் கரைந்து, நீரைப் பாலாக்கிவிடும். ஆதலால் கீட்டோவே போதும். வாரியதையும் வெயிலில் நன்றாக உலர்த்திச் செடிக்கு உரமாக்கலாமேயன்றி, சாக்கடையிலோ கடலிலோ எறிதல் தகாது. அதேபோல, நம் கடல்களின் கல்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இறந்த துண்டானாலும் கரையிலிருந்து எடுத்துவருவது குற்றம். மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகளே கடலில் மூழ்கிப்போனதற்குப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் ஒரு காரணம். என் தொட்டியில் உள்ள பாறைகள் செய்கற்களே; கோமாளி மீன்கள் வளர்ப்பிடத்தில் பிறந்தவை; பவளங்கள் மென்பவளங்களே.

மின்சாரம் நிற்கும் நேரம்

கடலில் அலை ஓய்வதில்லை. நம் வீட்டில் மின்சாரம் ஓய்கிறது. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் வைத்தே குழாய்களை அமைக்க வேண்டும் என்பதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். தொட்டி வைத்த முதற்கோடையில், நள்ளிரவில் மின்சாரம் போயிற்று. பம்பு நின்றதும், அது மேலேற்றிய குழாயே எதிர்த்திசையில் நீரை உறிஞ்சிக் கீழே இறக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் குழாயின் முனையை, நீர் நன்றாகக் கலக்கட்டும் என்று, மேற்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நான் வைத்திருந்தேன். அந்த முனை வெளியே தெரிந்து காற்று புகும் வரையில் உறிஞ்சல் நிற்பதில்லை. 120-ஐ 60-ஆலும் 15-ஆலும் பெருக்கினால் 108 லிட்டர். கீழ்த்தொட்டியில் மிச்சமிருந்த இடமோ 65 லிட்டருக்கு மேல் இல்லை. காலில் ஈரம் பட்டுத் திடுக்கிட்டெழுந்த நான், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூடமெங்கும் பரவிய 40 லிட்டருக்கு மேற்பட்ட உப்புநீரை விடியும்வரை துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தேன். தரையில் தாழக் கிடந்த மின்பலகைக்குள் அது புகாதது தெய்வாதீனம். அன்றுமுதல் பலகை சுவரில் உயரே ஏறிவிட்டது; ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடத் தாழத் தொங்கி மேலேறுமாறு கட்டப்பட்டது; மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. ஒன்றும் வந்தது.

குழாய்முனையை மேற்பரப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே உயர்த்தினேன். கலிங்கில் வழியும் நீரையும் சேர்த்துக்கொண்டாலும், பம்பு நின்றால் மேல்தொட்டியில் இறங்கக்கூடிய மட்டம் இப்போது நான்கு சென்டிமீட்டர். அதாவது சுமார் 29 லிட்டர். அதற்குக் கீழ்த்தொட்டி எட்டு சென்டிமீட்டர் உயரும்; குழாய்களிலும் கலிங்கறையிலும் நிற்பதைக் கூட்டினால் பத்து. 22-இலிருந்து 32-க்கு வந்து நின்றுவிடும். விளிம்புக்கு இன்னும் எட்டு சென்டிமீட்டர் உண்டு. இடையில் ஒருவழி வால்வு வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அதன் வாயிலில் புழுக்கூடும் சுண்ணமும் படிந்து ஒருநாள் மூடாமல் போகும். அந்த நாள் எதுவென்று அது நமக்கு முன்கூட்டிச் சொல்லாது.

இதற்கு நேர்மாறான விபத்தையும் கணக்கிட வேண்டும். இறங்கும் குழாய் மூன்றும் அடைபட்டு, பம்பு மட்டும் ஓடினால், அது தன் அறை நீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். என் பம்பு அறையின் கொள்ளளவு 22 லிட்டர். மேல்தொட்டியில் நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே 29 லிட்டருக்கு இடம் உண்டு. எனவே ஏற்றுவதற்கு நீரின்றிப் பம்பு வெறுமனே சுழலுமே தவிர, தொட்டி வழியாது. ஆனால் நன்னீர் சேர்க்கும் கருவி, மட்டம் குறைந்ததென்று எண்ணி மேலும் மேலும் ஊற்றக்கூடும். சில நிமிஷங்களுக்குமேல் ஓடாதபடி அதற்கும் ஓர் எல்லை வைத்துவிட வேண்டும்.

கணக்குச் சரியென்று திருப்தியடைந்தாலும் காகிதத்தை நம்பி உறங்கப் போகக்கூடாது. மாதத்துக்கு ஒரு முறை நானே பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, மரப்பெட்டியின் கதவைத் திறந்துவைத்து, தரையில் உட்கார்ந்து பார்க்கிறேன். முதலில் இறங்கும் குழாய் இரண்டு மூன்று முறை விக்கிவிட்டு ஓய்கிறது. எதிர்த்திசையில் இறங்கும் நீரின் மெல்லிய இரைச்சல் மட்டும் சிறிது நேரம் கேட்கிறது. கீழ்த்தொட்டியின் நீர், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிவப்பு டேப்பை நோக்கி விரல் விரலாக ஏறுகிறது. மேலே குழாய்முனை காற்றை உறிஞ்சும் சத்தம் எழுந்ததும், எல்லாம் நின்றுவிடுகிறது. டேப்பின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நீர் அசையாது நிற்கிறது. சுவிட்சைப் போட்டால், குழாய்க்குள் இருந்த காற்று களகளவென்று வெளியேறி, ஒரு நிமிஷத்தில் சத்தம் அடங்கி, பழைய மட்டம் திரும்பிவிடுகிறது.

சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவு. தெரு முழுவதும் மின்சாரம் போனபோது விழித்துக்கொண்டேன். எழுந்து போய்ப் பார்க்க வேண்டுமென்று தோன்றவில்லை. இருட்டில் படுத்தபடியே கேட்டேன்: குழாய் விக்கியது, நீர் இரைந்தது, பிறகு காற்றை உறிஞ்சும் அந்தச் சிறு சத்தம். சிவப்பு டேப்பில் நீர் வந்து நின்றிருக்கும் என்று தெரிந்தது. மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.